பழைய டீசல் ஜீப்பு பழுதுற்றால்

தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெங்களூரிலிருந்து தமிழகத்துச் சிற்றூர்களை நோக்கிப் புறப்படும் வண்டிகளுள், பழைய டீசல் ஜீப்புகளும் அவற்றின் வழிவந்த நாற்சக்கர இயக்க வண்டிகளும் இன்றும் காணப்படுகின்றன. பாட்டியார், பேரப்பிள்ளைகள், அரிசி மூட்டை, அக்கம்பக்கத்தார் கொடுத்தனுப்பிய பெட்டி ஆகிய அனைத்தையும் ஒருசேரச் சுமந்து செல்வதில் அவற்றுக்கு ஈடில்லை. சவ்வாது மலை, சேர்வராயன் மலை ஆகியவற்றின் சாரலில் நிலமுடையோர், தார்ச்சாலை முடிந்த பின்னும் நெடுந்தூரம் போக வேண்டியவர்கள். அவர்களுக்குப் புதிய காரைக் காட்டிலும் பழைய ஜீப்பே உற்ற துணை. ஆகவேதான் 20, 25 ஆண்டுகள் ஓடிய வண்டியைக்கூட விலைகொடுத்து வாங்கும் அன்பர்கள் நம்மிடையே உள்ளனர்.

ஆனால் இவ்வண்டிகளுக்கு ஓர் இயல்பு உண்டு. பத்து மாதம் வாயிலில் சாதுவாக நின்றுவிட்டு, ஊருக்குப் புறப்பட வேண்டிய நாளன்று விடியற்காலையில் உயிர்பெற மறுக்கும். பட்டறைக்கு இழுத்துச் சென்றால், 'டீசல் பம்பு போய்விட்டது' என்றோ, 'எஞ்சினைப் பிரித்தாக வேண்டும்' என்றோ தீர்ப்பு வரும். மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் குடும்பத்திற்கு அது இடிவிழுந்தாற் போன்றது. அத்தீர்ப்பு சில வேளைகளில் மெய்யாகவும் இருக்கலாம். எனினும், குற்றம் ஒரு முழ ரப்பர்க் குழாயிலோ, துருவேறிய ஓர் இணைப்பிலோ ஒளிந்திருக்கக் காண்பதே நமக்குப் பழக்கமாகிவிட்டது. எனவே இங்கு நாம் வற்புறுத்த விரும்புவது இதுதான்: காசின்றிச் சோதிக்கக் கூடியவற்றை முதலிற் சோதியுங்கள், சிறு செலவில் தீரக் கூடியவற்றை அடுத்துப் பாருங்கள், டீசல் பம்பையும் எஞ்சினையும் குற்றவாளிக் கூண்டில் கடைசியாக ஏற்றுங்கள்.

நம் நாட்டில் ஜீப்பின் கதை, 1947இல் மகிந்திரா நிறுவனத்தார் அமெரிக்க வில்லீஸ் ஜீப்புகளைப் பம்பாயில் இணைத்து விற்கத் தொடங்கியதிலிருந்து வருவது. அவை பெட்ரோல் வண்டிகள். டீசல் எஞ்சின் பின்னர் வந்தது. இன்று பழைய வண்டிகளைத் தேடுவோர் கண்ணில் மிகுதியாகப் படுபவை இரு குலத்தைச் சேர்ந்தவை. ஒன்று, எம்.எம். 540 ஜீப்பில் இடம்பெற்ற, பிரெஞ்சு நாட்டுப் பெஜோ நிறுவன வடிவமைப்பிலான 2112 சி.சி. எஞ்சின். மற்றொன்று 2523 சி.சி. டி.ஐ. எஞ்சின். முன்னதற்கு ஹீட்டர் பிளக் உண்டு, பின்னதற்கு இல்லை. இவ்வேற்றுமையை நினைவிற் கொள்ளுதல் நலம். இல்லாத பிளக்கை மாற்றியதாகப் பணம் கேட்போரும் உலகில் உண்டு. இங்கே கூறப்படுவன யாவும் இத்தகைய பழைய எஞ்சின்களுக்கே உரியன. கணினியின் ஆணைக்குட்பட்டு இயங்கும் காமன்ரெயில் எஞ்சின்களில் டீசலின் அழுத்தம் மிகமிகப் பெரிது; அவற்றின் குழாய்களை வீட்டில் தளர்த்திப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

டீசல் வண்டியைப் பொறுத்தமட்டில் பெங்களூர்வாசிகள் கொடுத்துவைத்தவர்கள். 1951இல் நிறுவப்பெற்ற மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அதாவது மைக்கோ, ஜெர்மானியப் போஷ் நிறுவனத்தின் துணையோடு ஆடுகோடியில் ஆலை அமைத்து, டீசல் பம்புகளையும் நாசில்களையும் செய்து நாடெங்கும் அனுப்பியது. 2008இல் அதன் பெயர் போஷ் லிமிடெட் என மாறியபோதிலும், நம்மவர் வாயில் அது மைக்கோவாகவே வாழ்கிறது. அங்கே பணியாற்றி ஓய்வுபெற்றவர்களுள் தமிழர் பலர். ஜே.சி. ரோட்டிலும் கலாசிபாளையத்திலும் உதிரி உறுப்புகளுக்குக் குறைவில்லை. சிவாஜி நகர்க் குஜிரியில் எங்கும் கிடைக்காத பழைய உறுப்பும் கிடைக்கும். உறுப்பு எளிதிற் கிடைப்பதே ஒருவகையில் தீங்காகவும் முடிகிறது. காரணத்தைத் தேடும் பொறுமையின்றி, ஒவ்வோர் உறுப்பாக மாற்றிப் பார்க்கும் வழக்கம் அதனாலேயே வளர்ந்துவிட்டது.

டீசல் எஞ்சினின் தத்துவம் எளியது. 1897இல் ருடால்ஃப் டீசல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய நாள்தொட்டு அது மாறவில்லை. சிலிண்டருக்குள் காற்றை ஏறத்தாழ 20 மடங்கு இறுக்கினால், அக்காற்று 500 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. அச்சூட்டில் டீசலை நுண்டுளிகளாகப் பீச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். காற்று, இறுக்கம், டீசல் ஆகிய மூன்றும் உரிய வேளையில் கூடினால் எஞ்சின் ஓடியே தீரும். ஓடவில்லையெனில் மூன்றுள் ஒன்று வரவில்லை என்பது பொருள். எது வரவில்லை என்பதைக் கண்டுகொள்ள இயந்திரக் கலைஞராக இருத்தல் வேண்டுவதில்லை. கண்ணும் காதும் போதும்.

காலையில் வண்டி கிளம்பவில்லை என வைத்துக்கொள்வோம். முதலில் செல்ஃப் மோட்டாரின் ஒலியைக் கேளுங்கள். அது சோம்பி முனகிச் சுழன்றால் டீசலைப் பற்றிய கவலையை விட்டு பாட்டரியிடம் செல்லுங்கள். டீசல் எஞ்சின் விரைந்து சுழன்றால்தான் காற்றுச் சூடேறும். பாட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை உப்பை வெந்நீர் விட்டுக் கழுவுங்கள். அதன்பின், எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கும் எர்த் பட்டையைப் பாருங்கள். எண்ணெயும் துருவும் படிந்து அது பயனற்றுக் கிடக்க, புது பாட்டரி வாங்கிப் பொருத்தி மறுவாரமும் தள்ளிக் கிளப்பும் வீடுகள் எத்தனை!

செல்ஃப் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் பற்றவில்லையெனில், ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் வாயைப் பாருங்கள். வெண்புகை வருகிறதா, ஒன்றுமே வரவில்லையா? வழிகள் பிரியும் இடம் இதுவே. வெண்புகை வருமாயின், டீசல் உள்ளே போகிறது, சூடு போதவில்லை என்பது பெறப்படும். பெங்களூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழிக் காலையில் குளிர் 15 டிகிரி அளவுக்கு இறங்குவதும் உண்டு. ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் இரண்டு பிளக் இறந்துவிட்டாற்கூட, வேலூரில் கோடையில் ஒரே முறையில் கிளம்பும் வண்டி இங்கே மார்கழியில் அடம்பிடிக்கும். பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, பாட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு 12 வோல்ட் பல்பின் வழியே ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட்டுப் பாருங்கள். பல்பு எரிந்தால் பிளக்கினுள் கம்பி அறுபடவில்லை. எரியாத பிளக்கை மட்டும் மாற்றினால் போதும்.

புகையே வரவில்லையாயின், டீசல் சிலிண்டரை எட்டவில்லை. சாவியைத் திருப்பும்போது பம்பின் மீதுள்ள சொலினாய்டு 'டிக்' என ஒலிக்கிறதா என்று கேளுங்கள். ஒலியில்லையேல் அதற்கு மின்சாரம் வரவில்லை, அல்லது அது பழுதாகிவிட்டது. கம்பியை இழுத்து எஞ்சினை நிறுத்தும் வண்டியாயின், அக்கம்பி பாதியில் சிக்கிக்கொண்டிருக்கலாம். இவ்விரண்டும் ஒழுங்காக இருந்தால், இவ்வகை வண்டிகளைப் பீடிக்கும் பெருநோயாகிய காற்றுப் புகுதலைத் தேடத் தொடங்கலாம்.

டீசல் டாங்கியிலிருந்து ஃபீட் பம்பு வரையிலுள்ள குழாயில் அழுத்தம் இல்லை; உறிஞ்சுதலே உண்டு. ஆகையால் அங்கே ஊசிமுனைத் துவாரம் இருந்தாலும் டீசல் வெளியே ஒழுகாது. காற்றுத்தான் உள்ளே நுழையும். தரையில் ஒரு சொட்டும் இல்லாததைக் கண்டு, 'குழாய் நன்றாயிருக்கிறது' என்று பலர் ஏமாந்துபோவது இதனாலேயே. இரவு நின்ற வண்டி காலையில் நெடுநேரம் சுற்றிய பின் கிளம்புவது, மேட்டில் ஏறும்போது மூச்சுத் திணறுவது, டாங்கியில் டீசல் குறையக் குறையத் தொல்லை மிகுவது ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள்.

நாமறிந்த ஒரு குடும்பத்தில், ஆண்டு முழுதும் இத்தொல்லையைத் தாங்கி, டீசல் பம்பைக் கழற்றிச் சீர்செய்தனர். பதினைந்து நாள் கழித்துப் பழைய கதையே. செலவான பல ஆயிரம் ரூபாயும் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்திருந்த பணம். இரண்டாம் முறையும் பம்பைக் கழற்றவேண்டும் என்று பட்டறையார் கூறியபோது, ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் குறுக்கிட்டார். தூய பிளாஸ்டிக் கேனில் இரண்டு லிட்டர் டீசல் நிரப்பி, எஞ்சினுக்கு அருகில் உயரமாகக் கட்டி, அதிலிருந்து ஒரு புதுக் குழாயை நேரே ஃபீட் பம்பில் பொருத்தினார். வண்டி உடனே கிளம்பியது. மறுநாட் காலையும் கிளம்பியது. குற்றம் டாங்கிக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் உள்ளது என்பது செலவில்லாமல் தெளிவாயிற்று. டாங்கியின் மேல் பொருத்தியிருந்த ரப்பர்க் குழாய், வளையும் இடத்தில் மயிரிழை அளவு வெடித்திருந்தது. பம்பின்மேல் பிழையே இல்லை.

இக்கேன் சோதனையை எவரும் செய்து பார்க்கலாம். கேனிலிருந்து ஓடும்போதும் தொல்லை நீங்கவில்லையெனில், ஃபீட் பம்பு, வடிகட்டி, டீசல் பம்பு என முன்னோக்கிச் செல்ல வேண்டும். வடிகட்டிக்கு முன்னே ஒரு சாண் ஒளிபுகும் குழாயைப் பொருத்திக் குமிழி ஓடுகிறதா என்று பார்ப்பதும் நல்ல வழி. வடிகட்டியின் அடித்திருகைத் தளர்த்தி, கண்ணாடிக் குவளையில் சிறிது டீசல் பிடித்து வைத்துப் பாருங்கள். நீர் இருந்தால் அடியில் தங்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில், பாதி நிறைந்த டாங்கியின் உட்சுவரில் பனி படிந்து நீராகச் சேரும். வண்டியை நிறுத்தி வைப்பதானால் டாங்கியை நிரப்பி நிறுத்துவது இக்காரணம் பற்றியே.

காற்றை வெளியேற்றும் முறையையும் கூறிவிடுவோம். வடிகட்டியின் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை அமுக்கிக்கொண்டே வர, முதலில் நுரையும் பின்னர் குமிழியற்ற டீசலும் வரும். அந்நிலையிலேயே திருகை இறுக்க வேண்டும். அப்போதும் கிளம்பாவிட்டால், நாசில்களின் தலையிலுள்ள நட்டுகளைச் சற்றே தளர்த்தி, செல்ஃபைச் சுழற்றி, டீசல் கசிந்ததும் இறுக்க வேண்டும். அவ்வேளையில் கையை அருகில் வைத்தலாகாது. நாசிலிலிருந்து பீச்சும் டீசல் காற்றழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட விசையுடையது. தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளிதான் வெளியே தெரியும், ஆயினும் விரலையே இழக்க நேரிடலாம். அப்படி நேர்ந்தால் வலியில்லை என்று வாளாவிராமல் உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

எஞ்சின் ஓடுகிறது, ஆனால் நொண்டுகிறது என்றால், ஓடும்போதே அந்த நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கிப் பார்ப்பது பழைய மிஸ்திரிகளின் வழி. நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சினின் ஒலி தாழும். எதைத் தளர்த்தியும் ஒலி மாறவில்லையோ அச்சிலிண்டரே நொண்டி. பிறகு அதன் நாசிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். நோயும் கூடவே இடம்பெயர்ந்தால் நாசில் குற்றவாளி. பழைய இடத்திலேயே தங்கினால் வால்வோ, பிஸ்டன் ரிங்கோ, ஹெட் கேஸ்கட்டோ. இதனைத் தேர்ந்த மிஸ்திரியைக் கொண்டே செய்விக்க வேண்டும். ஆனால், செய்யச் சொல்ல நாம் அறிந்திருக்க வேண்டும்.

புகையின் நிறத்தைப் பற்றி அன்பர்கள் பலரும் கேள்விப்பட்டிருப்பர். கரும்புகை, டீசலுக்கேற்ற காற்று இல்லாமையைக் காட்டும். ஏர் ஃபில்டர் அடைத்திருப்பதே முதற் காரணம். ஆயில் தொட்டி வகை ஃபில்டராயின் அதிலுள்ள ஆயில் சேறாகியிருக்கும். எமிஷன் டெஸ்டுக்குச் சென்று தோற்றுத் திரும்பும் பழைய வண்டிகளுட் பல, ஃபில்டரைத் துப்புரவு செய்து நாசில்களைச் சோதித்தாலே தேறிவிடும். எஞ்சின் சூடான பின்னும் நீலப் புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. அப்போது, எஞ்சினை மெல்ல ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள்: இலேசான ஆவி இயல்பு, இரயில் எஞ்சினைப் போல் குபுகுபுவெனப் புகை அடித்தால் ரிங்குகள் தேய்ந்துவிட்டன. பழைய வண்டி வாங்கச் செல்வோர் இவ்வொரு சோதனையைச் செய்யாமல் முன்பணம் கொடுக்கலாகாது. விற்பவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தாலும் ஐயுறுக; குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிக் காட்டச் சொல்வதே முறை.

சூடேறும் நோய், ஊர்ப் பயணத்தில் தலைகாட்டுவது. கிருஷ்ணகிரி வெயிலில் பாரத்துடன் ஓசூரை நோக்கி ஏறும்போது முள் சிவப்பைத் தொடும். எப்போது சூடேறுகிறது என்பதைக் கவனித்தாலே காரணம் பாதி விளங்கிவிடும். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நிற்கும்போது சூடேறி, ஓடும்போது தணிந்தால், ஃபேனையும் அதன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். நின்றால் தணிந்து, மேட்டிலும் வேகத்திலும் சூடேறினால், ரேடியேட்டர் அடைத்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றியதன் விளைவு அது. வெந்நீர்ப் பாத்திரத்தில் படியும் அதே சுண்ணம் ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படிகிறது. காய்ச்சி வடித்த நீரில் கூலண்ட் கலந்து ஊற்றுவதே தக்கது. சூடு மிகுந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அது காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைப்பதற்கு ஒப்பாகும். பெங்களூரின் குளிரில் எஞ்சின் உரிய சூட்டை அடையாமலே ஓடி, விரைவில் தேய்ந்துபோகும். இன்னொன்றும் உண்டு. காலையில் குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினைக் கிளப்ப, நீரில் இடையறாது குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் போயிற்று. சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் ஒருபோதும் திறவாதீர்கள்.

நாற்சக்கர இயக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சேற்றிலும் மணலிலும் மட்டுமே முன்சக்கரங்களுக்கு விசை கொடுக்க வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் அந்நெம்புகோலைப் போட்டு ஓட்டினால், திருப்பங்களில் முன்னச்சும் பின்னச்சும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருத்தலால் பற்சக்கரங்கள் முறுகிக்கொள்ளும். நெம்புகோல் வெளியே வர மறுக்கும். வண்டியைச் சில அடி பின்னே எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து அது தானே விடுபடும். இதையறியாது கியர் பெட்டியைப் பிரித்தவர்களும் உளர். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் மாட்டினாலும் இதே கதிதான். வண்டி புறப்படும்போது அடியில் 'டக்' என்று ஒலித்தால், நீள்தண்டின் கிராஸ் தேய்ந்திருக்கும். ஸ்டீரிங்கை முழுதும் ஒடித்துத் திருப்பும்போது மட்டும் ஒலித்தால், முன்னச்சின் இணைப்பைப் பார்க்க வேண்டும்.

பழைய வண்டியைத் தமிழகத்திலிருந்து கொண்டுவருவோர் ஏடுகளையும் நோக்குக. பதிவு 15 ஆண்டுக்குரியது. அதன்பின் 5 ஆண்டுக்கொருமுறை சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். வேறு மாநில எண்ணுடன் 12 மாதங்களுக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால், கர்நாடகப் பதிவெண் பெற வேண்டும் என்பது சட்டம்.

இனி, பிரேக். டீசல் எஞ்சின் தானாகப் போதிய வாக்குவம் உண்டாக்குவதில்லை; அதற்கெனத் தனி வாக்குவம் பம்பு ஒன்று இவ்வண்டிகள் பலவற்றில் டைனமோவின் முதுகில் ஏறியிருக்கும். அதற்கு எஞ்சின் ஆயில் ஒரு சிறு ரப்பர்க் குழாய் வழியே வருகிறது. அக்குழாய் வெடித்தால், சில நிமிடங்களில் எஞ்சினின் ஆயில் முழுவதும் சாலையிற் கொட்டி, எஞ்சின் இறுகிப்போகும். பிரேக்கின் துணையும் போய்விடும். அக்குழாயின் விலை மிகச் சிறிது. இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை, நன்றாயிருப்பினும், அதை மாற்றிவிடுதல் வேண்டும்.

சேலம் செல்லும் அன்பர்கள் தருமபுரியைக் கடந்து தொப்பூர்க் கணவாயில் இறங்கியாக வேண்டும். அங்கு நேர்ந்த விபத்துகளை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ, இறங்குவதற்கும் அதே கியர். பாரத்துடன் டாப் கியரில் இறங்கிப் பிரேக்கை மிதித்துக்கொண்டே சென்றால், டிரம் சூடேறி ஷூ பிடிக்காமற் போகும். பெடல் மெத்தென்றிருந்தால் குழாயில் காற்று. மிதித்து வைத்திருக்க மெல்லமெல்லக் கீழே போனால் மாஸ்டர் சிலிண்டர். கல்லைப் போல் இறுகியிருந்தால் வாக்குவம். கடைசியானதை வீட்டு வாயிலிலேயே அறியலாம். எஞ்சின் நின்றிருக்கும்போது பெடலை நாலைந்து முறை மிதித்து, அது இறுகியபின் காலை எடுக்காமல் எஞ்சினைக் கிளப்புங்கள். வாக்குவம் சரியாயிருந்தால் பெடல் உங்கள் காலின் கீழ்ச் சற்றே இறங்கும். இறங்கவில்லையெனில், குடும்பத்தாரைப் பேருந்திலோ இரயிலிலோ அனுப்பிவிட்டு, வண்டியைப் பட்டறைக்கு அனுப்புங்கள்.